30 வருட ஈசி ‘நில்’ வந்திருக்கிறது, அப்புறம் எதற்கு லீகல்?

பிப்ரவரி 3, 2025 – வாசகர் கேள்வி

சென்னைப் புறநகரில் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு பழைய குடோனும் அதன் முன்னால் நான்கு கடைகளும் விலைக்கு வந்திருக்கின்றன. விற்பவர் 2007ல் வாங்கியதாகச் சொல்கிறார், கிரயப் பத்திரத்தின் நகலும் கொடுத்தார். பட்டா அவர் பேரில் இருக்கிறது. ஆன்லைனில் 30 வருட ஈசி (வில்லங்கச் சான்று) போட்டுப் பார்த்தேன், ‘நில்’, அதாவது எந்தப் பதிவும் இல்லை என்று சுத்தமாக வந்துவிட்டது. இதற்கு மேல் வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன் வாங்குவது தண்டச் செலவு என்கிறார் என் பார்ட்னர். சரிதானே?

பிப்ரவரி 3, இரவு

நில் வந்ததுதான் பிரச்சினையே. விற்பவர் 2007ல் வாங்கியிருந்தால் அந்தக் கிரயம் ஈசியில் ஒரு வரியாகவாவது வந்திருக்க வேண்டும். அதுவும் இல்லை என்றால் நீங்கள் எடுத்தது இந்தச் சொத்தின் ஈசியே இல்லை. எந்த சர்வே எண்ணைப் போட்டுத் தேடினீர்கள்? பட்டாவில் இருப்பதா, பத்திரத்தில் இருப்பதா?

பிப்ரவரி 4

நினைத்த மாதிரிதான். பட்டாவில் 84/2பி1, பத்திரத்தில் வெறும் 84/2. கேள்வி கேட்டவர் பட்டா எண்ணைப் போட்டிருக்கிறார்.

வக்கீல் ஆபீஸ்களுக்கு ஆவணம் தேடிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இந்தக் குழப்பத்தைப் பார்க்காத மாதம் கிடையாது. பதிவுத்துறை ஒரு துறை, வருவாய்த்துறை வேறொரு துறை. உட்பிரிவு செய்து புது எண் கொடுப்பது வருவாய்த்துறை. பத்திரத்தில் என்ன எண் எழுதியிருக்கிறதோ அதை அப்படியே குறியீட்டில் (இன்டெக்ஸில்) ஏற்றுவது பதிவுத்துறை. 2007 பத்திரத்துக்குப் பிறகு உட்பிரிவு ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். புது எண்ணில் இதுவரை எந்தப் பத்திரமும் பதிவாகியிருக்காது. கம்ப்யூட்டர் நேர்மையாக ‘நில்’ என்று சொல்லிவிடும்.

84/2 என்று மறுபடி போடுங்கள். அக்கம்பக்கத்தார் கிரயமெல்லாம் சேர்ந்து நிறைய வரிகள் வரும், பயப்படாதீர்கள். ஒவ்வொன்றிலும் நான்கெல்லையைப் பார்த்து உங்களுடையதைப் பிரித்தெடுக்க வேண்டும். அலுப்பான வேலைதான். இந்தத் தொழிலில் பாதி அதுதான்.

பிப்ரவரி 4, சற்று கழித்து

இன்னொன்று. அந்தக் கிராமம் 30 வருடமும் ஒரே சார்பதிவாளர் ஆபீஸின் கீழ் இருந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். புறநகரில் புது ஆபீஸ்கள் திறந்து கிராமங்களைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். பழைய ஆபீஸில் பதிவானது புது ஆபீஸ் ஈசியில் வராமல் போகலாம். சந்தேகம் இருந்தால் இரண்டிலும் போடுங்கள்.

பிப்ரவரி 6

“ஈசியில் இல்லாத வில்லங்கம் என்று ஒன்று உண்டா” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டாவா! பட்டியலே போடலாம், ஆனால் கதையாகச் சொல்கிறேன்.

1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டப்படி ஐந்து புத்தகங்கள். அசையாச் சொத்து ஆவணங்கள் 1ஆம் புத்தகத்தில். பதிய மறுத்ததற்கான காரணங்கள் 2ல். உயில் 3ல். மற்றவை 4ல். சீலிட்ட உயிலை மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்தால் அது அங்கே 5ல். ஈசி என்பது 1ஆம் புத்தகத்தின் குறியீட்டைத் தேடி எடுக்கும் சுருக்கம், அவ்வளவுதான். 1ஆம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பணம் கட்டிப் பார்க்கலாம், 57ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. 3ஆம் புத்தகம் அப்படியில்லை. ஆகவே விற்பவரின் அப்பா எழுதிப் பதிந்து வைத்த உயில்கூட உங்கள் ஈசியில் தலைகாட்டாது. பதியாத உயிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அதுவும் செல்லும்.

கோர்ட்டில் நடக்கும் பாகப்பிரிவினை வழக்கு ஈசியில் வராது. அந்த வழக்கு நடக்கும்போது வாங்கினால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வந்து உட்கார்ந்துகொள்ளும்: தீர்ப்பு எதுவோ அது உங்களையும் கட்டும். அதனால் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயர் போட்டுத் தேடச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் ஒரே பெயரை நாலு விதமாக எழுதுவார்கள், நாலையும் போடுங்கள்.

பதினோரு மாத வாடகை ஒப்பந்தம் வராது. வாய்மொழிப் பங்கு வராது. பதியாத குடும்ப ஏற்பாடு வராது.

பிப்ரவரி 9

84/2க்கு ஈசி வந்துவிட்டதாம். அனுப்பியதைப் பார்த்தேன். அவருடைய சொத்துக்கு மூன்று முக்கியமான வரிகள்: 1996ல் அண்ணன் தம்பி மூவர் செய்த பாகப்பிரிவினை, 2007 கிரயம், 2014ல் ஒரு வங்கிக்கு எம்ஓடி, அதாவது பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கிய ஒப்பந்தம். கடன் அடைந்ததென்று வங்கி எழுதிப் பதியும் ரசீது எங்குமே இல்லை.

“கடனெல்லாம் அடைத்தாச்சு சார்” என்று விற்பவர் சொல்கிறாராம். அடைத்திருக்கலாம். ரசீது பதிவாகாதவரை பதிவேட்டின்படி அந்தச் சொத்து இன்னும் அடமானத்தில்தான் இருக்கிறது.

பிப்ரவரி 10

“நீங்கள் வக்கீல்களுக்குக் கமிஷன் ஏஜென்ட்டா?” என்று கேட்ட நண்பருக்கு: அவர்கள் எனக்குத் தர வேண்டிய பாக்கியைப் பார்த்தால் அப்படிக் கேட்க மாட்டீர்கள்.

பிப்ரவரி 17

எம்ஓடி பற்றிக் கொஞ்சம் விரிவாக, ஏனென்றால் வணிகச் சொத்தில் பணம் போவது பெரும்பாலும் இங்கேதான்.

தமிழ்நாட்டில் 2012 திருத்தத்துக்குப் பிறகு, பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கும் ஒப்பந்தத்தைப் பதிவது கட்டாயம். விற்பனை ஒப்பந்தமும் பவரும் அதே திருத்தத்தில்தான் கட்டாயமாயின. அதற்கு முன்னால்? வங்கி மேனேஜரிடம் மூலப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு வந்தாலே அடமானம் ஆகிவிடும், பதிவேட்டில் ஒரு தடயமும் இருக்காது. ஆகவே பழைய கடன்களுக்கு ஈசியை நம்பாதீர்கள். அசலைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

அசல் என்றால் அசல். ஒரு முறை ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஆவணம் பார்த்துக்கொண்டிருந்தேன். விற்பவர் அசல் பத்திரத்தை மேஜையில் வைத்தார், கடனே வாங்கியதில்லை என்று அடித்துச் சொன்னார். இடது ஓரத்தில் இரண்டு பஞ்ச் ஓட்டைகள். கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் பென்சிலில் ஒரு எண், சாய்வான கோடு, வருடம். வீட்டுப் பீரோவில் இருக்கும் பத்திரத்துக்கு யாரும் பஞ்ச் போட்டுக் கோப்பு எண் எழுத மாட்டார்கள். மெதுவாகக் கேட்டதும், பங்குதாரர் பேரில் எடுத்த கடனுக்கு இவர் ஜாமீன் கொடுத்த விவரம் வெளியே வந்தது. பத்திரம் திரும்பி வந்துவிட்டது சரி, கணக்கை முடித்த கடிதம் எங்கே என்றால் அன்று பதில் இல்லை.

அசல் தொலைந்துவிட்டது, போலீசில் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று இருக்கிறது, பேப்பரில் விளம்பரமும் கொடுத்தாச்சு என்பார்கள். நிஜமாகவே தொலைத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நான் அதைப் பார்த்தவுடன் முதலில் செர்சாய் தளத்துக்குப் போவேன். 2011லிருந்து வங்கிகளின் அடமானங்கள் பதிவாகும் மத்தியப் பதிவேடு அது. சொத்தை வைத்தும் தேடலாம், கடனாளியை வைத்தும் தேடலாம். இரண்டு விதமாகவும் தேடுங்கள், சொத்து விவரத்தை வங்கி ஆட்கள் அவசரத்தில் எப்படி வேண்டுமானாலும் தட்டச்சு செய்திருப்பார்கள்.

பிப்ரவரி 18

“பக்கத்துக் கடைக்கு பெரிய வங்கி லோன் கொடுத்திருக்கிறது, அப்புறம் டைட்டிலில் என்ன சந்தேகம்” என்று எழுதியவருக்கு. அந்த வங்கி பக்கத்துக் கடையைத்தான் பார்த்தது. வங்கி பார்ப்பது தன் பணம் திரும்புமா என்று. கூடுதல் ஜாமீனும் கடன்காரரின் வருமானமும் பலமாக இருந்தால், ஆவணத்தில் சின்ன ஓட்டைகளை விட்டுக்கொடுத்துப் போவார்கள். உங்களுக்கு அந்த வசதி கிடையாது.

பிப்ரவரி 23

1996 பாகப்பிரிவினைக்கு வருவோம். மூன்று சகோதரர்கள். சகோதரி உண்டா என்று கேட்கச் சொன்னேன். உண்டாம், ஒருவர். பத்திரத்தில் அவர் பெயரே இல்லை.

உடனே ஒரு வாசகர் எழுதினார்: 20.12.2004க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை 2005 திருத்தம் தொடாது, அதனால் சகோதரி கேட்க முடியாது என்று. பாதி சரி. 2005ல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, அந்தத் தேதிக்கு முன் முடிந்த விஷயங்களைக் கிளறக் கூடாது என்று வைத்தது உண்மைதான். ஆனால் அது கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கு வந்த உரிமையைப் பற்றியது. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் இறந்திருந்தால்? 1956 சட்டத்திலேயே மகள் முதல் வகுப்பு வாரிசு, மகன்களோடு சம பங்கு. அந்தப் பங்கை 2004 தேதி எதுவும் செய்யாது. அண்ணன் தம்பிகள் தங்களுக்குள் பிரித்துக்கொண்டதால் அவர் பங்கு ஆவியாகிவிடாது.

ஆகவே பார்க்க வேண்டியது 1996 பத்திரத்தை இல்லை. அப்பாவுக்கு அது எப்படி வந்தது என்பதை. அதற்கு 30 வருட ஈசி போதாது.

பிப்ரவரி 24

பூர்வீகமாகவே இருந்தாலும் தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25லேயே, அன்று கல்யாணமாகாத மகள்களுக்குப் பங்கு கொடுத்துவிட்டார்கள். அந்தச் சகோதரிக்கு எப்போது கல்யாணம் ஆனது என்றும் கேட்டு வையுங்கள். சொத்து வாங்கப் போய்க் கல்யாணப் பத்திரிகையைத் தேடும் தொழில் இது.

மார்ச் 2

30 வருடம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்திலிருந்து. அடமானத்தை மீட்க 30 வருடம், அரசு தன் நிலத்தை மீட்க வழக்குப் போட 30 வருடம், தனியார் தன் சுவாதீனத்தை மீட்க 12 வருடம். இருப்பதில் நீளமானதைப் பிடித்துக்கொண்டு 30 வருடம் பார்த்தால் போதும் என்று ஒரு வழக்கம் உருவாகிவிட்டது. வங்கிக்கு அது போதுமானதாக இருக்கலாம். 30 வருடத்துக்குள் உருப்படியான ஒரு கிரயம் அகப்படாமல் பாகப்பிரிவினையில்தான் தொடங்குகிறது என்றால், அதற்கு மேலும் ஏறிப் போகத்தான் வேண்டும்.

ஆன்லைனில் ஈசி பொதுவாக 1975 வரைதான் போகிறது. அதற்கு முந்தியது என்றால் மனுப் போட்டு, கையால் எழுதிய குறியீட்டைத் தேட வேண்டும். பெயர்க் குறியீடு ஒன்று, கிராமவாரியாகச் சொத்துக் குறியீடு இன்னொன்று. தேடுபவருக்குப் பொறுமை இல்லாவிட்டால் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதிவிடுவார். நான் பெயரில் ஒரு தடவை, சொத்தில் ஒரு தடவை தனித்தனியாகத் தேடச் சொல்வேன்.

மார்ச் 9

அளவு. இதை யாருமே கேட்கவில்லை, எனக்கு ஆச்சரியம்.

பத்திரத்தில் 33 சென்ட். பட்டாவில் 0.12.50 ஹெக்டேர், அதாவது 12.5 ஏர். ஒரு ஏர் 2.47 சென்ட், ஆக பட்டாவில் இருப்பது 30.9 சென்ட்தான். வித்தியாசம் 2.1 சென்ட், சதுர அடியில் 900க்கு மேல். விவசாய நிலமாக இருந்தால் பழைய அளவைக் கோளாறு என்று விட்டுவிடலாம். மெயின் ரோட்டுக் கடையில் அந்த 900 சதுர அடி எந்தப் பக்கம் போயிற்று என்பதுதான் கேள்வி. முன்பக்கம் என்றால் ரோடு அகலப்படுத்த எடுத்திருக்கிறார்கள், உங்கள் கடை வாசற்படியே அரசு நிலத்தில் இருக்கலாம்.

சர்வே எண்ணின் எல்லையும் அளவும் காட்டும் புலப்படத்தை எடுங்கள். கிராமத்தின் சர்வே எண்களைப் பட்டியலிடும் அ-பதிவேட்டில் 84/2 எத்தனை உட்பிரிவாகப் பிரிந்தது, ஒவ்வொன்றும் யார் பேரில் என்று பாருங்கள். 84/2ஏ நெடுஞ்சாலைத் துறை பேரில் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. சர்வேயரை வைத்து அளந்தால் இன்னும் நல்லது.

நகர எல்லைக்குள் தேடுபவர்களுக்கு இதைவிடக் கஷ்டம். ஓ.எஸ். (பழைய சர்வே) எண், ஆர்.எஸ். (மறு சர்வே) எண், டி.எஸ். (நகர சர்வே) எண் என்று மூன்று தலைமுறை. 1950 பத்திரத்தில் முதலாவது, 1980ல் இரண்டாவது, இப்போது பிளாக், வார்டோடு மூன்றாவது. ஒன்றுக்கு ஒன்று எது என்று காட்டும் ஒப்பீட்டு விவரம் கையில் இல்லாமல் ஈசி போடவே கூடாது.

மார்ச் 11

பட்டாவைப் பற்றி மேலே கொஞ்சம் மரியாதையாகவே எழுதிவிட்டேன் போலிருக்கிறது, “அப்ப பட்டா தான் கடைசி வார்த்தையா” என்று கேட்கிறார்கள். இல்லை. பட்டா வருவாய்ப் பதிவேட்டில் யார் பெயர் என்று சொல்லும், உரிமையைத் தீர்மானிக்காது. 1980களில் யுடிஆர் என்ற நிலப் பதிவேடு புதுப்பிப்பு நடந்தபோது தவறாக ஏறிய பெயர்கள் இன்றைக்கும் கோர்ட்டில் திருத்தப்பட்டுக்கொண்டிருக்கின்றன. பத்திரம், பட்டா, தரையில் இருக்கும் ஆள், மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. ஒத்துப்போகாத இடத்தில் நின்று ஏன் என்று கேட்க வேண்டும்.

மார்ச் 16

விற்பவர் கம்பெனியாக இருந்தால் என்ன செய்வது என்று வேறொருவர் கேட்டிருந்தார், இந்தக் குடோனோடு சம்பந்தமில்லாதவர். சுருக்கமாக: கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் சார்ஜ் (சொத்தின் மேல் உள்ள கடன் பிணை) விவரம் பாருங்கள், 2013 சட்டத்தின் 77ஆம் பிரிவுப்படி அடமானத்தை அங்கேயும் பதிய வேண்டும். திவால் நடவடிக்கை ஏதாவது தொடங்கியிருக்கிறதா என்று தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத் தளத்தில் பாருங்கள், தொடங்கியிருந்தால் இயக்குநர் போடும் கையெழுத்துக்கு மதிப்பில்லை.

இதில் ரசமானது கம்பெனி இணைப்பு. இரண்டு கம்பெனிகள் ஒன்றாகும்போது நிலம் தீர்ப்பாய உத்தரவின் மூலமாகவே மாறிவிடும். அந்த உத்தரவைப் பதியாமல் விட்டுவிட்டால் ஈசியில் பழைய கம்பெனியே உரிமையாளராக நிற்கும், விற்க வருபவர் வேறு பெயரில் வருவார். பெயர் மாற்றம் மட்டும்தானா, இணைப்பா, அல்லது நிஜமாகவே வேறு ஆளா என்று பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மார்ச் 28

சொத்தை நேரில் போய்ப் பார்த்தீர்களா என்று குடோன் வாங்க வந்தவரைக் கேட்டேன். பத்து தடவை பார்த்தாராம். கடைக்காரர்களிடம் பேசினீர்களா? இல்லையாம், விற்பவர் வேண்டாம் என்றாராம்.

பேசுங்கள். டீ குடிக்கிற சாக்கில் பேசுங்கள். யாருக்கு வாடகை தருகிறீர்கள், எத்தனை வருடமாக, அட்வான்ஸ் எவ்வளவு, மின் இணைப்பு யார் பேரில், இந்தக் கூரையைப் போட்டது யார்.

கடைசிக் கேள்விதான் முக்கியம். சென்னையிலும் சில ஊர்களிலும் 1921ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்பாளர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று உண்டு. பழைய குத்தகைகளில், மனையை மட்டும் வாடகைக்கு எடுத்துத் தன் செலவில் கட்டடம் கட்டிக்கொண்டவர், வெளியேற்ற வழக்கு வந்தால் 9ஆம் பிரிவின் கீழ் அந்த மனையையே தனக்கு விற்கச் சொல்லிக் கேட்கலாம். விலையைக் கோர்ட் நிர்ணயிக்கும். பழைய பெட்ரோல் பங்க், மரக்கடை, ஒர்க்‌ஷாப் எல்லாம் இந்த வகையில் சிக்கியிருக்கின்றன. எந்த ஈசியும் இதைக் காட்டாது.

ஏப்ரல் 9

இரண்டு நாள் முன்னால் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பதிவு விதி 55-ஏவின் முதல் உட்பிரிவைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிய மாட்டோம் என்று 2022ல் கொண்டுவந்த விதி. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவு அதிகாரியின் வேலையில்லை, சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுக்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம். போலிப் பத்திரங்களை ரத்து செய்ய மாவட்டப் பதிவாளருக்கு அதிகாரம் கொடுத்த பதிவுச் சட்டத்தின் 77-ஏ பிரிவையும் போன வருடம் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

இதற்குப் பலர் புலம்புகிறார்கள். எனக்குக் கொஞ்சம் இரண்டு மனசு. அந்த விதியால் நியாயமான ஆட்கள் அலைந்ததை நேரில் பார்த்திருக்கிறேன், அசலைத் தொலைத்த கிழவர்கள், பங்காளி அசலைத் தர மறுத்த தம்பிகள். அதே சமயம் போலிக்காரனுக்கு அது ஒரு வேலியாகவும் இருந்தது. எப்படியோ, இனி “பதிவாகிவிட்டதே, அப்புறமென்ன” என்று யாராவது சொன்னால் அந்தத் தீர்ப்பைக் காட்டலாம். அதே சட்டத்தின் 22-ஏ பிரிவு அப்படியே இருக்கிறது, அரசு நிலம், கோயில் நிலம் வகையறாவைப் பதிய முடியாது. வழிகாட்டி மதிப்புத் தளத்தில் உங்கள் சர்வே எண்ணுக்குப் பூஜ்யம் என்று காட்டினால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் காரணம் கேளுங்கள்.

ஏப்ரல் 20

புறநகரில் பெரிய பரப்பு வாங்குபவர்கள் நகர்ப்புற நில உச்சவரம்பையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் அந்தச் சட்டம் 1978ல் வந்தது, 1999ல் ரத்தானது. ரத்தாவதற்கு முன்னால் அரசு சுவாதீனம் எடுத்த நிலம் அரசுடையதுதான். எடுத்தார்களா, காகிதத்தில் மட்டும் எடுத்தார்களா என்பதில்தான் வழக்குகளே. கைமாறிக் கைமாறி விற்றவர்களுக்கே தெரியாமல் இருக்கும்.

மே 6

குடோன் வாங்குபவரிடமிருந்து சேதி. வங்கி ரசீதுப் பத்திரம் எழுதிக் கொடுத்துப் பதிவாகிவிட்டது, கடன் உண்மையிலேயே அடைபட்டதுதான். விற்பவரை அனாவசியமாகச் சந்தேகப்பட்டதாக வருத்தப்பட வேண்டியதில்லை, ரசீது வேண்டியதே. அந்த மூன்று சகோதரர்களின் அப்பா 1968ல் தன் பேரில் கிரயம் வாங்கியது கையால் எழுதிய குறியீட்டில் அகப்பட்டது, அதனால் சகோதரிக்குப் பங்கு இருக்கிறது. அவர் விட்டுக்கொடுத்து எழுதித் தரச் சம்மதம், தொகை பேசிக்கொண்டிருக்கிறார்கள். விலை 33 சென்ட்டுக்கு இல்லை, அளந்து வந்ததற்குத்தான் என்று ஒப்புக்கொண்டாயிற்று. பார்ட்னர் இப்போது லீகல் கட்டணத்தைப் பற்றிப் பேசுவதில்லையாம்.

கடைகளில் மூன்று சாதாரண வாடகை. நான்காவது கடைக்காரர் கூரை மட்டும் மாற்றியிருக்கிறார், சுவர் உரிமையாளருடையது. அவரிடம் அதை ஒரு கடிதமாக எழுதி வாங்கச் சொன்னேன்.

மே 7

நான்கு கடைகளின் அட்வான்ஸ் பணம் இப்போது விற்பவரிடம் இருக்கிறது. கிரயமானதும் வாடகை உங்களுக்கு வரும். காலி செய்யும்போது கடைக்காரர் அட்வான்ஸையும் உங்களிடம்தான் கேட்பார். அந்தத் தொகையைக் கிரயப் பணத்தில் கழித்துக்கொண்டு, கழித்ததைப் பத்திரத்தில் கடைவாரியாக எழுதி, நான்கு பேருக்கும் விற்பவர் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். இது பத்திர எழுத்தர் கொடுக்கும் வரைவில் இருக்காது, நீங்களாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.